‘ஆஃப்ரோ சாம்பாஸ்’ தட்டில் பாடும் அந்தப் பெண்கள் யார்? (குவார்த்தெத்தோ எம் சீ பற்றிய இழை)

தட்டுச்சுற்றி

பிரேசில் கிதார்க் கலைஞர் பாடன் பவலும் கவிஞர் வினிசியுஸ் டி மொராயிஸும் சேர்ந்து போட்ட ‘ஆஃப்ரோ சாம்பாஸ்’ இசைத்தட்டு பற்றிப் பேச்சு வந்தால் கிதார், அத்தபாக்கி மேளம், கந்தோம்ப்ளே (ஆப்பிரிக்க வேர் கொண்ட பிரேசில் மதம்) தெய்வங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அதில் பாடும் பெண்களை மட்டும் “கோரஸ்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். அதனால் தனி இழை.

அவர்கள் பெயர் குவார்த்தெத்தோ எம் சீ. சீவா, சிபெலி, சினாரா, சிலேனி என்று கூடப்பிறந்த நான்கு பேர். சொந்த ஊர் பாஹியா மாநிலத்தின் தெற்கே, கொக்கோ விளையும் பக்கத்தில் இருக்கும் இபிராதாயா. ரியோவுக்கு வந்து 1964இல், ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில மாதமே ஆகியிருந்தபோது, கோபகபானாவில் பெக்கோ தாஸ் கராஃபாஸ் என்ற சந்தில் இருந்த பாட்டில்ஸ் பாரில் மேடை ஏறினார்கள். ராத்திரிச் சத்தம் தாங்காமல் மாடிவீட்டுக்காரர்கள் பாட்டிலைத் தூக்கி எறிவார்களாம், சந்துக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். போசா நோவா (சாம்பாவும் ஜாஸும் கலந்த மெல்லிசை) பாடியவர்களில் பாதிப் பேர் அங்கே தலை தப்பியவர்கள்தான். நாலு பேர் பெயரும் ‘சி’யில் தொடங்குவதைப் பார்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் வினிசியுஸ். அதே வினிசியுஸும் பாஹியாவின் பாடகர், பாடலாசிரியர் டோரிவால் கைமியும் சும் சும் என்ற இரவு விடுதியில் நடத்திய நிகழ்ச்சியிலும் இவர்கள்தான் கூடப் பாடினார்கள். எலென்கோ நிறுவனம் அதைத் தட்டாகவும் போட்டது.

1966 ஜனவரியில் ‘ஆஃப்ரோ சாம்பாஸ்’ பதிவு. வாத்தியமும் குரலும் எங்கே எப்படி வர வேண்டும் என்று ஒழுங்கு செய்து கொடுத்தவர் கெர்ரா பெய்ஷி. வினிசியுஸ் தேர்ந்த பாடகர் கிடையாது, பாதி பேசுவதுபோலத்தான் பாடுவார். பாட்டுப் பழக்கமில்லாத நண்பர்களையும் கோரஸில் நிறுத்தினார், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கட்டும் என்று. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஸ்ருதியைப் பிடித்து நிறுத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? ‘கான்ட்டோ டி ஒசான்யா’வை ஹெட்போனில் கேளுங்கள், கிதார் கீழ்க்கம்பியில் ஒரே சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வரும், இந்தப் பெண்கள் நுழைந்ததும் பாட்டே அகலமாகிவிடும். தட்டில் எல்லாரும் பாராட்டும் அந்தப் பூசை வாடை கிதாரிலிருந்து பாதி வருகிறதென்றால் மீதி இவர்களிடமிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

மெல்லிசை_மதி

நல்ல இழை. ஆனால் நாலு சகோதரிகள் என்றதும் அடுத்து வரும் வரி எனக்குத் தெரியும், “ஒரே ரத்தம், அதனால் ஒரே குரல்” என்று யாராவது எழுதுவார்கள். அது உண்மையா, இல்லை விளம்பரமா?

வானொலிவாசகன்

மதி அக்கா, பாதி உண்மை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் பக்கத்துச் சகோதரிகள் கச்சேரியில் இருவரும் ஒரே ஸ்வரத்தைத்தான் சேர்ந்து பாடுகிறார்கள். இங்கே அப்படி இல்லை, நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு வேறு ஸ்வரத்தில் நிற்க வேண்டும். ஓஸ் கரியோகாஸ் போன்ற ஆண்கள் குழுவில் கீழே தடித்த குரல் ஒன்று தரைபோல் இருக்கும், மேலே ஒருவர் பொய்க்குரலில் போவார், நடுவில் இடம் தாராளம். நாலும் பெண் குரல் என்றால் கீழே போக வழியில்லை, நாலு ஸ்வரத்தையும் ஒரே ஸ்தாயிக்குள் நெருக்கி அடுக்க வேண்டும். போதாததற்கு போசா நோவாவின் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்களைச் சேர்த்துக்கொண்டு வருபவை, அதனால் அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசும். குரல் வேறு வேறு நிறமாக இருந்தால் அந்த உரசல் காதைக் குத்தும். ஒரே நிறமாக, நடுக்கம் இல்லாமல், ‘ஆ’வையும் ‘எ’வையும் ஒரே அளவு வாய் திறந்து சொன்னால் அதே உரசல் மினுங்கும். ஒரே வீட்டில், ஒரே ஊர்ப் பேச்சில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. சகோதரிகளாக இருப்பதன் லாபம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒத்திகை.

டாம்பா ட்ரியோ என்ற மூவர் குழுவோடு 1966இல் செய்த ‘சோம் டெஃபினிட்டிவோ’ கேட்டால் தெரியும். அங்கே ஆண்கள் குரலும் சேர்கிறது, லூயிஸ் எசாவின் பியானோவும் சும்மா இருக்காது, இருந்தாலும் பெண்களின் நாலு வரியும் கலங்காமல் தனியாகத் தெரியும்.

சேலம்_ஸ்டீரியோ

பிரேசில் சகோதரர் குழு என்றால் என் ஓட்டு த்ரியோ எஸ்பெரான்சாவுக்குத்தான். மன்னிக்கவும். கொரேயா குடும்பத்தில் மாரியோ, ரெஜினா, எவீன்யா என்று மூன்று சின்னப் பிள்ளைகள், 1963லேயே ‘ஃபில்மி த்ரிஸ்டி’ ஹிட் ஆகிவிட்டது. அவர்களுடைய அண்ணன்மார்தான் கோல்டன் பாய்ஸ். ஒரே வீட்டில் இரண்டு குழு! பின்னால் எவீன்யா பால் மொரியா ஆர்கெஸ்ட்ராவின் பியானோக்காரர் ஜெரார் காம்ப்யூவைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்ஸுக்குப் போய், தொண்ணூறுகளில் சகோதரிகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு வாத்தியமே இல்லாமல் ‘ஆ கபெல்லா டு பிராசில்’ போட்டார்கள். சுத்தமான ரத்தசொந்தக் குரல் வேண்டும் என்றால் அதைக் கேளுங்கள், ஒட்டு வேலை ஒன்றும் கிடையாது. சீ குழுவில் சகோதரிகள் நாலு பேரும் சேர்ந்து இருந்ததே எத்தனை வருடம்?

தட்டுச்சுற்றி

ஸ்டீரியோ அண்ணே, நல்ல இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். மிகக் கொஞ்ச காலம்தான். 1966இலேயே சிலேனி கல்யாணம் செய்துகொண்டு விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ரெஜினா வெர்னெக் வந்தார், வந்தவருக்கு ‘சிரெஜினா’ என்று பெயரை மாற்றிவிட்டார்கள். குடும்பத்துக்கு மருமகள் எடுத்த கதைதான்.

நீலாம்பரி

அமெரிக்கா போன கதையை விட்டுவிடாதீர்கள், அங்கே நடந்த பெயர் கூத்து இதைவிடப் பெரிது.

சீவாவின் கணவர் அலோய்சியோ டி ஒலிவேரா. சாதாரண ஆள் இல்லை. 1939இல் பாடகி கார்மென் மிராண்டாவோடு அமெரிக்கா போன பாண்டோ டா லுவா குழுவில் இருந்தவர், டிஸ்னி படங்களில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து எலென்கோ தொடங்கியவர். கருப்பு வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த அந்த அட்டைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டிஸ்னி காலத்துப் பழக்கமான ரே கில்பர்ட் போசா நோவாவுக்கு ஆங்கில வரி எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கோடுகளெல்லாம் சேர்ந்து குழுவை வார்னர் பிரதர்ஸில் கொண்டுபோய் விட்டன. அங்கே பெயர் ‘தி கேர்ள்ஸ் ஃப்ரம் பாஹியா’. 1967இல் வந்த தட்டின் பெயர் ‘பார்டன் மை இங்கிலீஷ்’. சரி, அது விளையாட்டு. 1968இல் வந்ததற்கு ‘ரெவோலூசியோன் கோன் பிரசிலியா’ என்று ஸ்பானிய மொழியில் பெயர்! போர்ச்சுகீஸ் பேசும் பெண்களுக்கு! விற்பனைப் பிரிவில் யாரும் வரைபடம் பார்க்கவில்லை போல. ஆண்டி வில்லியம்ஸ் நிகழ்ச்சியிலும் பாடினார்கள்.

அந்தத் தட்டுகள் மோசமில்லை. இனிப்பாக, பளபளவென்று இருக்கும். ஆனால் ‘ஆஃப்ரோ சாம்பாஸ்’ கேட்ட காதோடு போனால் யாரோ அவர்களுக்குப் பவுடர் பூசி உட்கார வைத்ததுபோல் தோன்றும்.

மெல்லிசை_மதி

நாங்கள் எல்லாம் 1968 ‘சபியா’ ராத்திரிக்காகக் காத்திருக்கிறோம், யாராவது ஒழுங்காக எழுதுங்கள். துண்டு துண்டாகத்தான் படித்திருக்கிறேன்.

வானொலிவாசகன்

எழுதுகிறேன் அக்கா.

முதலில் 1967. அப்போதே சினாராவும் சிபெலியும் தனி ஜோடியாகப் பாடத் தொடங்கிவிட்டார்கள். ரியோவில் நடந்த சர்வதேசப் பாட்டு விழாவின் இரண்டாம் வருடம், பாடலாசிரியர் ஷிக்கோ புவார்க்கேயின் ‘கரோலினா’வைப் பாடினார்கள், மூன்றாம் இடம். மில்டன் நாசிமென்டோ ‘ட்ராவெசியா’வோடு இரண்டாம் இடம் பிடித்து ஊருக்கே தெரியவந்த அதே விழா.

அடுத்த வருடம் அதே விழாவில் போசா நோவா இசையமைப்பாளர் டாம் ஜோபிம் மெட்டு, ஷிக்கோ வரிகள், ‘சபியா’. மறுபடி இந்த இரண்டு சகோதரிகள். மரக்கனாசீன்யோ உள்விளையாட்டரங்கில் 20,000 பேருக்கு மேல். கூட்டம் வந்திருந்தது எதிர்ப்புப் பாட்டுக்காரர் ஜெரால்டோ வான்ட்ரேக்காக. அவர் கிதாரோடு தனியாக நின்று இரண்டே கார்டில் ஒரு நடைப்பாட்டு பாடினார், ராணுவத்தைப் பற்றி நேரடியாகவே வரிகள், அரங்கம் மொத்தமும் கூடச் சேர்ந்து பாடியது. நடுவர்கள் முதல் பரிசை ‘சபியா’வுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், கூச்சல். வான்ட்ரேயே மேடையில் நின்று, ஜோபிமும் ஷிக்கோவும் நம் மரியாதைக்கு உரியவர்கள் என்று கூட்டத்தை அடக்கப் பார்த்தார். நடக்கவில்லை. ஷிக்கோ அன்றைக்கு நாட்டிலேயே இல்லை. ஜோபிமும் இந்த இரண்டு பெண்களும் மட்டும் மேடையில்.

இப்போது அந்தக் காட்சியை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பரிசு வாங்கிய பாட்டை மறுபடி பாட வேண்டும் என்பது வழக்கம். ‘சபியா’ ஒன்றும் சுலபமான மெட்டு இல்லை, எங்கே வந்து உட்காரும் என்று தெரியாமல் அலைந்துகொண்டே போகும், கீழே கார்டு நழுவிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழாவிட்டால் இரண்டு குரல் பாட்டு பாடவே முடியாது. இவர்களுக்கு எதிரே இருந்தது மொத்த அரங்கத்தின் ஊளை. அதற்குள் நின்று பாடி முடித்தார்கள். ஒலிப்பதிவு இருக்கிறது, பாட்டைவிடக் கூச்சல்தான் அதிகம் கேட்கும். கூர்ந்து கேட்டால் அந்த இரண்டு குரலும் விலகாமல் போவது புரியும்.

விழாவில் அடுத்து நடந்த சர்வதேசச் சுற்றிலும் ‘சபியா’வே ஜெயித்தது. டிசம்பர் 13ஆம் தேதி ராணுவ அரசின் ஏ.ஐ. 5 என்ற அடக்குமுறை ஆணை வந்தது, நாடாளுமன்றம் மூடப்பட்டது, வான்ட்ரேயின் பாட்டுக்குத் தடை, அவர் தப்பி வெளிநாடு போனார், ஷிக்கோவும் இத்தாலிக்குப் போனார். ‘சபியா’வோ ஊர் திரும்புவேன் என்று ஏங்கும் பாட்டு. கோன்சால்வெஸ் டியாஸின் பழைய நாடுகடந்த கவிதையின் சாயல் கொண்டது. அரசியல் இல்லாத பாட்டு என்று ஊளையிட்டவர்கள் ஒரே வருடத்தில் அதைக் கேட்ட விதம் மாறிப்போனது.

நீலாம்பரி

ஊளை அன்றைக்கு விழாக்களில் தினசரி விஷயம், அதையும் சொல்லிவிடுவோம். 1966இல் இதே அரங்கத்தில் ‘சவெய்ரோஸ்’ ஜெயித்தபோது நானா கைமிக்கும் இதே மரியாதைதான். 1967இல் சாவோ பாவ்லோவில் சேர்சியோ ரிகார்டோ பொறுக்க முடியாமல் கிதாரை உடைத்துக் கூட்டத்தின் மேல் எறிந்தார். நாள் குறித்து வந்து ஊளையிடும் ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது.

சேலம்_ஸ்டீரியோ

அந்த 1968 விழாவைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மூன்றாம் இடம் யாருக்கு? ‘அண்டான்சா’. பாடியது பெத் கார்வால்யோ, கூடப் பாடியது கோல்டன் பாய்ஸ். அதாவது முதல் இடத்தில் ஒரு வீட்டு அக்கா தங்கை, மூன்றாம் இடத்தில் இன்னொரு வீட்டு அண்ணன் தம்பிகள். நடுவில் தனியாளாக வான்ட்ரே. அடுத்த வருடம், 1969இல், அதே கோல்டன் பாய்ஸின் தங்கை எவீன்யா ‘கன்டிகா போர் லூசியானா’வோடு வந்து விழாவையே ஜெயித்தார். அதனால்தான் கொரேயா குடும்பம் என்று சொன்னேன்.

தட்டுச்சுற்றி

அண்ணே, நீங்கள் இப்போது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். ‘அண்டான்சா’வை எழுதியவர்களில் ஒருவர் பாவ்லீன்யோ தபஜோஸ். ‘லூசியானா’வும் அவரும் எட்மண்டோ சூட்டோவும் சேர்ந்து செய்ததே. அவருடைய தங்கை டோரீன்யா தபஜோஸ் எங்கே போய்ச் சேர்ந்தார்? 1972இல் குவார்த்தெத்தோ எம் சீயில்!

அக்காலக் கணக்கை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சினாராவும் சிபெலியும் ஜோடியாகப் பிரிந்தபிறகு சீவா புதுப் பெண்களை வைத்துக் குழுவைக் கொஞ்ச காலம் ஓட்டினார். அது பெரிதாக எடுபடவில்லை. 1972இல் சீவா, சினாரா, டோரீன்யா தபஜோஸ், சோன்யா ஃபெரேரா என்று புது அணி. இரண்டு சகோதரிகள், இரண்டு வெளியாட்கள். இந்தத் தடவை யாருக்கும் ‘சி’ பெயர் வைக்கவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது, வேஷம் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

டோரீன்யா வெறும் வெளியாளும் இல்லை. அவர் அப்பா பாவ்லோ தபஜோஸும் பெரியப்பா முறையோ சித்தப்பா முறையோ ஆகும் அரோல்டோவும் முப்பதுகளில் ‘இர்மாவோஸ் தபஜோஸ்’ என்ற சகோதரர் ஜோடி. வினிசியுஸ் பள்ளி நாட்களில் கூட்டுச் சேர்ந்து முதன்முதல் எழுதிய பாட்டுகளை 1932இல் தட்டில் பாடியது இவர்கள்தான். அதாவது வினிசியுஸின் முதல் தட்டில் பாடிய வீட்டுப் பெண், வினிசியுஸ் பெயர் வைத்த குழுவில் வந்து பாடுகிறார். டோரீன்யாவின் இன்னொரு அண்ணன் மவ்ரீசியோ தபஜோஸ் பாடலாசிரியர் அல்டிர் பிளாங்கோடு சேர்ந்து செய்த ‘கெரேலாஸ் டு பிராசில்’ பாட்டு 1978இல் குழுவின் தட்டுக்கே தலைப்பாயிற்று.

எழுபதுகளில் இவர்கள் செய்த வேலைதான் என்னைப் பொறுத்தவரை உச்சம். 1975இல் ‘அந்தோலோஜியா டு சாம்பா கன்சாவோ’ வந்தது. பழைய சோக சாம்பாக்களைத் தொடுத்துத் தொடுத்துப் பாடினார்கள், நல்ல வரவேற்பு, இரண்டாம் பாகமும் வந்தது. 1977இல் மேடைப் பதிவுக்கு ‘ரெசிஸ்டிந்தோ’ என்று பெயர் வைத்தார்கள், தாக்குப்பிடிக்கிறோம் என்று. தணிக்கை இருந்த நாளில் அந்தத் தலைப்பு அட்டையில் வந்ததே பெரிய விஷயம். சினாராவின் கணவர் ருய் ஃபாரியா எம்.பி.பி. 4 என்ற ஆண்கள் குழுவில் பாடியவர். ஷிக்கோவோடு ஒட்டியே இருந்த குழு அது. இரண்டு குழுவும் சேர்ந்து 1978இல் ‘கோப்ரா டி விட்ரோ’ போட்டன. நாலு பெண், நாலு ஆண். வானொலிவாசகன் மேலே சொன்ன தடித்த குரல் பிரச்சினை அந்தத் தட்டில் தீர்ந்துவிடுகிறது, பெண்கள் கீழே எட்டிப் பிடிக்க வேண்டியதே இல்லை, நிம்மதியாகப் பாடுவது கேட்கும்.

மெல்லிசை_மதி

அப்படியானால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாலு சகோதரிகள் என்ற கதையை இறுக்கிப் பிடித்திருந்தால் 1966இல் சிலேனியின் கல்யாணத்தோடு கடை சாத்தியிருக்கும்.

வானொலிவாசகன்

அதேதான். கணக்கைப் பாருங்கள். 1980இல் டோரீன்யா விலகினார், சிபெலி திரும்பி வந்தார். சீவா, சினாரா, சிபெலி, சோன்யா. இந்த நாலு பேரும் 2014இல் சிபெலி இறக்கும்வரை ஒன்றாகப் பாடினார்கள், 34 வருடம். உலகத்துக்குத் தெரிந்த “நாலு சகோதரிகள்” அணி இருந்தது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. சோன்யாவை யாராவது “நான்காவது தங்கை” என்று எழுதினால் நான் திருத்தவும் மாட்டேன், பிறப்பால் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சேலம்_ஸ்டீரியோ

சரி, ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ளலாம், எழுபதுகள் பலமானவை. ஆனால் தொண்ணூறுகளில் என்ன செய்தார்கள்? 1991 ‘ஷிக்கோ எம் சீ’, 1993 ‘வினிசியுஸ் எம் சீ’ என்று ஒவ்வொரு பாடலாசிரியராக எடுத்து ஒரு சிடி. அச்சு வார்த்த மாதிரி. பாட்டு எல்லாம் நமக்கு மனப்பாடம், ஒழுங்கு அழகாக இருக்கும், ஆபத்து எதுவும் கிடையாது. மரக்கனாசீன்யோவில் ஊளைக்கு நடுவே பாடினவர்கள் ஹோட்டல் வரவேற்பறைக்குப் பாடுவதுபோல் ஆகிவிட்டார்களே என்றுதான் என் வருத்தம்.

நீலாம்பரி

அது அவர்கள் குற்றம் மட்டும் இல்லை அண்ணே. அந்தச் சமயம் பிரேசிலில் குரல் குழுவுக்குப் பெரிய நிறுவனத்தில் இடமே இல்லை. வானொலி முழுக்க செர்டனேஜோ (நாட்டுப்புறப் பாணிப் பாட்டு), பகோடி (ஒருவகை ஜனரஞ்சக சாம்பா). நூலகத்தில் வைக்கிறமாதிரி ஒரு பெயரோடு சிடி போட்டால்தான் விற்கும், ஜப்பானில் வாங்க ஆள் இருந்தார்கள். எனக்கும் அந்தச் சிடிக்களில் எல்லாம் பிடிக்காது. ஆனால் ‘ஷிக்கோ எம் சீ’யை ஒரு தடவை வரிகளுக்காக மட்டும் கேளுங்கள். ஷிக்கோவின் பாட்டில் பெண் பேசுவதாக எழுதியவை எத்தனையோ, அவற்றை ஒரே ஒரு பாடகி பாடினால் அது ஒருத்தியின் கதை. நாலு பேர் சேர்ந்து பாடும்போது தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் ஒரே புகாரோடு வந்து நிற்கிறமாதிரி ஆகிவிடுகிறது. அது வேறு யாரிடமும் கிடைக்காது.

சேலம்_ஸ்டீரியோ

அதை மறுக்க முடியாது. இருந்தாலும் எவீன்யாதான்.

புதுக்காது

வணக்கம், நான் இங்கே புதுசு. எதிலிருந்து தொடங்கலாம்? எனக்கு போர்ச்சுகீஸ் சுத்தமாகத் தெரியாது.

தட்டுச்சுற்றி

மொழி தெரியாதது நல்லதே, குரல் அடுக்கு முதலில் பிடிபடும். ‘ஆஃப்ரோ சாம்பாஸ்’ முழுக்கக் கேளுங்கள், அரை மணி நேரத் தட்டுதான். அப்புறம் ‘சோம் டெஃபினிட்டிவோ’. பிறகு 1972 அணி ஒடியோனில் போட்ட தட்டு, அங்கிருந்து ‘அந்தோலோஜியா’. அமெரிக்கத் தட்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலிவாசகன்

நான் வேறு வழி சொல்வேன். சினாராவும் சிபெலியும் பாடிய ‘சபியா’வின் ஸ்டுடியோ பதிவை முதலில் கேளுங்கள், அப்புறம் விழாப் பதிவைக் கேளுங்கள், ஹெட்போன் கட்டாயம். இரண்டு பேரும் இப்போது இல்லை, சினாரா 2023இல் போனார்.

புதுக்காது

விழாப் பதிவை இப்போதுதான் கேட்டேன். நடுவில் கூச்சல் திடீரென்று ஏறுகிறதே, அந்த இடத்தில் ஒருத்தி குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறாள், மற்றவள் உடனே அதே அளவுக்கு உயர்த்திக்கொள்கிறாள். இது எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?

வானொலிவாசகன்

தம்பி, ஸ்டீரியோ அண்ணனை அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

சேலம்_ஸ்டீரியோ

கேட்டுக்கொண்டிருக்கிறேன், சும்மா இருங்கள்.